கிரிமியப் போர்: ஸபபும் இல்லத்தும்

கிரிமியப் போர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தாம். 'கைவிளக்கு ஏந்திய காரிகை' எனப் பள்ளிப் பருவத்தில் நாம் படித்த அவ்வம்மையார் பணியாற்றிய மருத்துவமனை இலண்டனில் இருக்கவில்லை, கிரிமியாவிலும் இருக்கவில்லை. இஸ்தன்பூல் மாநகரின் ஆசியக் கரையில், உஸ்குதார் பகுதியில், சுல்தான் மூன்றாம் ஸலீமின் பெயரால் வழங்கும் ஸலீமிய்யாப் படைவீட்டில் இருந்தது. கலீஃபாவின் தலைநகரில், கலீஃபாவின் படைவீட்டில், ஆங்கிலேயச் செவிலியர் ஆங்கிலேயப் படைவீரர்களுக்கு மருந்திட்டனர். அவ்வீரர்கள் காயமுற்றது, உதுமானியப் பேரரசுக்குத் துணையாக நின்று, மற்றொரு கிறித்தவப் பேரரசான ரஷ்யாவை எதிர்த்த போரில்.

இந்தக் காட்சி எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. எழுப்பும் நூல்கள் சிலவும், பெத்லஹேம் தேவாலயத்தின் சாவிக்காகத் துறவிகளிடையே எழுந்த பூசல் உலகப் போராக வளர்ந்தது என்று கூறி முடித்துவிடுகின்றன. வரலாற்றுக்கு வெளித்தோற்றம் ஒன்றும் உட்பொருள் ஒன்றும் உண்டு என்று தம் முகத்திமாவில் வலியுறுத்திய இப்னு கல்தூன் இந்த விடையை ஏற்றிருக்க மாட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் ஸபபுக்கும் இல்லத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அறிவர். சூரியன் மறைவது மஃக்ரிப் தொழுகை கடமையாவதற்கு ஸபப். அதாவது அடையாளமாய் முன்னிற்கும் காரணம். மதுவின் தடைக்குப் போதை இல்லத்; அதாவது உள்ளிருந்து இயக்கும் காரணம். இல்லத் இருக்குமிடத்தில் சட்டம் இருக்கும், இல்லத் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்பது அறிஞர்கள் வகுத்த விதி. சட்டக் கலையின் அளவுகோலை வரலாற்றின் மீது அப்படியே பொருத்துவது முறையன்று. எனினும் உவமை என்ற அளவில் அது நமக்குப் பெரிதும் பயன்படும். ஒரு போருக்குக் காரணம் எனச் சொல்லப்படுவது நீங்கிய பின்னரும் போர் மூளுமானால், அது அப்போரின் இல்லத்தாக இருக்க முடியாது. இந்த அளவுகோலைக் கொண்டு கிரிமியப் போரின் காரணங்களை ஆராய்வோம்.

சாவியும் நட்சத்திரமும்

பைத்துல் முகத்தஸிலும் பெத்லஹேமிலும் உள்ள கிறித்தவத் திருத்தலங்களில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையாருக்கும் இலத்தீன் கத்தோலிக்கருக்கும் இடையே நெடுங்காலமாகப் பூசல் இருந்து வந்தது. எந்தப் பலிபீடம் யாருக்கு, எந்தப் படிக்கட்டை யார் துடைப்பது, எந்தக் கூரையை யார் பழுதுபார்ப்பது என்பன வரை அது நீண்டது. கனீஸத்துல் கியாமா எனும் கல்லறைத் தேவாலயத்தின் கதவுச் சாவியை நுஸைபா, ஜூதா என்ற இரு முஸ்லிம் குடும்பங்கள் வழிவழியாகக் காத்து வருவதை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1846ஆம் ஆண்டில் இரு சபையாரின் உயிர்த்தெழுதல் பெருநாளும் ஒரே நாளில் வந்தபோது, அத்தேவாலயத்தினுள்ளேயே கைகலப்பு மூண்டு 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1847இல் பெத்லஹேம் குகையில், நபி ஈஸா (அலை) அவர்கள் பிறந்த இடம் எனக் கிறித்தவர் போற்றும் தலத்தில் பதிக்கப்பட்டிருந்த இலத்தீன் எழுத்துகள் கொண்ட வெள்ளி நட்சத்திரம் களவு போயிற்று.

இப்பூசலை அரசியலாக்கியது பிரான்சு. 1740ஆம் ஆண்டில் சுல்தான் முதலாம் மஹ்மூது பிரான்சுக்கு வழங்கிய சலுகை ஆவணத்தில் இலத்தீன் துறவிகளின் உரிமைகள் உறுதி செய்யப்பட்டிருந்தன. நூறாண்டுகளுக்கு மேலாக எவரும் பெரிதாக எண்ணாதிருந்த அந்த ஆவணத்தைப் பிரெஞ்சுத் தூதர்கள் 1850ஆம் ஆண்டளவில் வெளியே எடுத்து நீட்டினர். ரஷ்யா மறுபுறம் நின்று கிரேக்கர்களின் உரிமைகளை வலியுறுத்தியது. இருவரையும் மனம் நோகச் செய்ய இயலாத சுல்தான் அப்துல் மஜீதின் அரசு, இருவருக்கும் ஒன்றுக்கொன்று முரணான வாக்குறுதிகளை அளித்தது. 1852 டிசம்பரில் பெத்லஹேம் தேவாலயத் தலைவாயிலின் சாவி இலத்தீனர் கைக்கு வந்தது. புதிய வெள்ளி நட்சத்திரமும் பதிக்கப்பட்டது.

1853 பிப்ரவரி இறுதியில் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸின் சிறப்புத் தூதர் இளவரசர் மென்ஷிகோஃப் இஸ்தன்பூல் வந்து இறங்கினார். பிரிட்டிஷ் தூதர் ஸ்ட்ராட்ஃபோர்டு இடையில் நின்று பேச, மே மாதத் தொடக்கத்தில் திருத்தலச் சிக்கல் மூன்று தரப்பாரும் ஏற்கும் வகையில் தீர்ந்தது. சுல்தானின் ஃபர்மான்களும் வெளியாயின. வரலாற்று மாணவன் இங்கே சற்று நிற்க வேண்டும். ஸபப் நீங்கிவிட்டது, ஆனால் போர் நீங்கவில்லை.

ஏனெனில் மென்ஷிகோஃப் கொண்டுவந்த கோரிக்கைகளில் திருத்தலங்கள் ஒரு பகுதியே. சுல்தானின் குடிமக்களாகிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் அனைவர் மீதும் ரஷ்யாவுக்குள்ள பாதுகாப்புரிமையைச் சுல்தான் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மற்றொரு பகுதி. அக்குடிமக்களின் தொகை ஒரு கோடிக்கும் மேல். உதுமானிய அரசு மறுத்தது. மே 21ஆம் நாள் மென்ஷிகோஃப் புறப்பட்டுச் சென்றார். ஜூலைத் தொடக்கத்தில் ரஷ்யப் படை புரூத் ஆற்றைக் கடந்து வலாக்கியா, மொல்தாவியா ஆகிய இரு சிற்றரசுகளைக் கைப்பற்றியது. உதுமானிய மேலாண்மைக்கு உட்பட்டிருந்த இவை பெரும்பாலும் இன்றைய ருமேனியாவில் அடங்குவன.

இரண்டாம் ஸபபும் நீங்கியது

உதுமானிய அரசு 1853 அக்டோபரில் போர் அறிவித்தது. நவம்பர் 30ஆம் நாள் கருங்கடல் துறைமுகமான சினோப்பில் நங்கூரமிட்டிருந்த உதுமானியக் கப்பற்பிரிவை ரஷ்யக் கப்பற்படை அழித்தது. ஏறத்தாழ 3000 பேர் மடிந்தனர். போர் நடந்துகொண்டிருக்கையில் நிகழ்ந்த கடற்சமர்தான் அது. எனினும் இலண்டன் செய்தித்தாள்கள் அதனைப் படுகொலை என வருணித்தன. 1854 மார்ச் இறுதியில் பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவின் மீது போர் அறிவித்தன. சிற்றரசுகளை ரஷ்யா காலி செய்ய வேண்டும் என்பதே அவற்றின் வெளிப்படையான கோரிக்கை.

ஆஸ்திரியாவும் தன் படையை எல்லையில் குவித்து மிரட்டவே, ரஷ்யா அக்கோரிக்கைக்கு இணங்க நேர்ந்தது. 1854 ஆகஸ்டில் சிற்றரசுகளிலிருந்து ரஷ்யப் படை வெளியேறிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஸபபும் நீங்கியது. போர் நின்றதா? நிற்கவில்லை. அடுத்த மாதமே நேச நாட்டுப் படைகள் கிரிமியத் தீபகற்பத்தில் கரையிறங்கின. செவஸ்தபோல் கோட்டையை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் முற்றுகையிட்டு 1855 செப்டம்பரில் அதனைக் கைப்பற்றின.

தொடங்கிய போர் தன் வேகத்திலேயே ஓடும். அதனால் காரணம் நீங்கியும் போர் நீண்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆகையால் போரிட்டோர் முடிவில் எதைக் கேட்டுப் பெற்றனர் என்பதையும் காண வேண்டும். 1856 மார்ச் 30ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை கருங்கடலை நடுநிலைக் கடலாக்கியது. ரஷ்யா அங்கே போர்க்கப்பற்படையும் படைத்தளங்களும் வைத்திருக்கக் கூடாது என விதித்தது. தானூபு ஆற்றின் போக்குவரத்தைப் பன்னாட்டு ஆணையத்தின் பொறுப்பில் விட்டது. பெத்லஹேமின் சாவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சமயப் போரா?

இது சிலுவைக்கும் பிறைக்கும் இடையிலான போர் என்று கூறுவோரும் உளர். நம்மவரில் சிலருக்கும் இவ்விளக்கம் உவப்பானது. ஆனால் உண்மை இதற்கு இடம் தருவதாயில்லை. கத்தோலிக்கப் பிரான்சும் ஆங்கிலிக்கன் பிரிட்டனும், 1855 முதல் கத்தோலிக்கச் சார்டினியாவும், ஆர்த்தடாக்ஸ் ரஷ்யாவுக்கு எதிராக முஸ்லிம் கலீஃபாவுடன் ஓரணியில் நின்றன. போரின் கோடுகள் சமயத்தின் கோடுகளாக இருக்கவில்லை.

அதற்காகச் சமயம் வெறும் போர்வை என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மையாகாது. ரஷ்ய உழவர்கள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் திருத்தலப் பயணம் மேற்கொண்டனர். நிக்கலஸின் சமயப் பற்று மெய்யானது. பக்தி போருக்கு மொழியைத் தந்தது. மக்களின் உள்ளத்தைத் தந்தது. இலக்கைத் தந்தது வேறொன்று.

உடன்படிக்கையின் ஒரு சொல்

அந்த வேறொன்றைத் தேடினால் 1774ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். ஆறாண்டுப் போரில் தோற்ற உதுமானியர் அவ்வாண்டு ஜூலையில் கூச்சுக் கைனார்ஜா என்னும் ஊரில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன் 7ஆம் பிரிவின்படி, கிறித்தவ சமயத்தையும் அதன் ஆலயங்களையும் காப்பதாக உதுமானிய அரசு வாக்களித்தது. இஸ்தன்பூலில் ரஷ்யா கட்டிக்கொள்ளவிருந்த ஓர் ஆலயத்தின் பொருட்டும் அதன் பணியாளர் பொருட்டும் ரஷ்யத் தூதர் முறையீடு செய்யலாம் என இசைந்தது.

காப்பவர் சுல்தான், ரஷ்யா பேசலாம் என்பது ஓர் ஆலயத்திற்காக மட்டும். சொற்கள் இவ்வளவே. ஆனால் காலப்போக்கில் ரஷ்யத் தரப்பு இதனை, எல்லா ஆர்த்தடாக்ஸ் மக்களையும் காக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பொருள்படுத்திக் கொண்டது. அந்தப் பொருளைத்தான் மென்ஷிகோஃப் 1853இல் உறுதிமொழியாகக் கேட்டார்.

ஹிமாயத் எனும் பாதுகாப்பின் பொருள் நமக்குப் புதிதன்று. முஸ்லிமல்லாத குடிமக்களைக் காப்பது ஆட்சியாளரின் திம்மத், அதாவது பொறுப்பு. அப்பொறுப்பைப் பிறிதோர் அரசர் தம் கைக்கு மாற்றிக் கொண்டால் குடிமக்கள் யாருடைய குடிமக்கள்? ஒரு கோடிக்கும் அதிகமானோர் மீது அத்தகைய உரிமையை ஒப்புக்கொள்ளும் அரசர் பெயரளவில்தான் அரசர். உதுமானிய அரசு திருத்தலங்களில் விட்டுக்கொடுத்ததும், இதில் விட்டுக்கொடுக்க மறுத்ததும் இதனால்தான்.

அதே 1774 உடன்படிக்கையில் மற்றொரு பிரிவும் உண்டு. கிரிமியக் கான்களின் நாடு சுதந்திர நாடாகும். ஆனால் அங்குள்ள தாத்தார் முஸ்லிம்கள் சமய விவகாரங்களில் சுல்தானைக் கலீஃபா என்ற முறையில் ஏற்பர் என அது கூறியது. கிறித்தவர் பொருட்டு ரஷ்யா பேசலாம். முஸ்லிம்கள் பொருட்டுக் கலீஃபா பேசலாம். எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ இணையானவை. நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? 1783இல் கத்தரீன் கிரிமியாவைத் தம் பேரரசுடன் இணைத்துக்கொண்டார். கலீஃபாவின் உரிமை காகிதத்தில் நின்றுவிட்டது. ரஷ்யாவின் உரிமையோ 80 ஆண்டுகளில் ஓர் ஆலயத்திலிருந்து ஒரு கோடி மக்கள் வரை வளர்ந்தது. உடன்படிக்கையின் சொற்களுக்கு உயிர் கொடுப்பது அவற்றின் பின்னுள்ள வலிமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீரிணைகளும் வணிகமும்

உதுமானியப் பேரரசின் வலிமை குன்றியதே இக்காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது. அதன் தளர்ச்சி 1830களில் உலகறியப் புலனாயிற்று. எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலீயின் மகன் இப்ராஹீம் பாஷா 1832 டிசம்பரில் கூன்யாவில் சுல்தானின் படையையே முறியடித்தார். தம் ஆளுநரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சுல்தான் இரண்டாம் மஹ்மூது பரம்பரைப் பகைவரான ரஷ்யாவை அழைத்தார். அதற்கு விலையாக அமைந்தது 1833ஆம் ஆண்டின் ஹுன்கார் இஸ்கெலெசி உடன்படிக்கை. அதன் மறைவுப் பிரிவின்படி, ரஷ்யா வேண்டும்போது தார்தனல்ஸ் நீரிணையைப் பிறநாட்டுப் போர்க்கப்பல்களுக்கு மூடச் சுல்தான் கடமைப்பட்டார்.

பிரிட்டன் விழித்துக்கொண்டது இப்போதுதான். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான் என்றாலும், எகிப்து வழியாகவும் மெசபத்தோமியா வழியாகவும் இந்தியாவுக்குச் செல்லும் குறுக்குப் பாதைகளை இலண்டன் முன்னரே மனத்தில் கொண்டிருந்தது. இஸ்தன்பூலில் ரஷ்யா அமர்ந்தால் அப்பாதைகள் அதன் நிழலில் வந்துவிடும் என அஞ்சியது. வணிக நலனும் இதனுடன் சேர்ந்தது. 1838ஆம் ஆண்டின் பல்தாலிமானி வணிக உடன்படிக்கை உதுமானிய நாட்டில் அரசின் ஏகபோகங்களை ஒழித்து, இறக்குமதி வரியை மொத்தம் 5 விழுக்காட்டுக்குள் அடக்கியது. அதன் பின்னர் உதுமானியச் சந்தை பிரிட்டிஷ் ஆலைத் துணிகளுக்கு இன்றியமையாததாயிற்று. ரஷ்யாவோ உயர்ந்த சுங்க வரிகளால் தன் கதவைப் பெரிதும் அடைத்து வைத்திருந்தது. மறுபுறம், ஒதெஸ்ஸா துறைமுகத்திலிருந்து வெளியேறிய ரஷ்யக் கோதுமைக்கு வழி அதே நீரிணைகள்தாம். ஆகவே நீரிணைகளின் திறவுகோல் யார் கையில் என்பது ரஷ்யாவுக்கும் வாழ்வுச் சிக்கல். பெத்லஹேமின் சாவியை முன்னிறுத்திப் பேசியோர் உள்ளத்தில் இருந்தது பொஸ்பரஸின் சாவியே எனலாம்.

1841ஆம் ஆண்டின் இலண்டன் ஒப்பந்தம் அமைதிக் காலத்தில் எல்லா நாட்டுப் போர்க்கப்பல்களுக்கும் நீரிணைகளை மூடியது. இது தற்காலிகத் தீர்வு. உதுமானியப் பேரரசு நிலைக்குமா, நிலைக்காவிடில் அதன் உடைமை யாருக்கு என்ற மூலச் சிக்கல் அப்படியே இருந்தது.

மூவரின் கணக்குகள்

இவ்வாறு காய்ந்து கிடந்த விறகில் நெருப்பு வைத்தோர் தனிமனிதர்கள். 1851 டிசம்பரில் திடீர்ப் புரட்சியால் அதிகாரத்தைக் கைப்பற்றி, ஓராண்டில் பேரரசராகிய மூன்றாம் நெப்போலியனுக்கு உள்நாட்டில் கத்தோலிக்கரின் ஆதரவு தேவைப்பட்டது. தம் பெரிய தந்தையார் முதலாம் நெப்போலியனை வீழ்த்திய 1815ஆம் ஆண்டின் வியன்னா ஒழுங்கைத் தகர்ப்பது அவரது அயல்நாட்டுக் குறிக்கோள். ரஷ்யாவையும் பிரிட்டனையும் பிரிக்கத் திருத்தலச் சிக்கல் அவருக்கு வாய்த்த கருவியாயிற்று.

நிக்கலஸின் கணக்கு மூன்று இடங்களில் பிழைத்தது. 1844இல் இலண்டன் சென்று உதுமானியரின் எதிர்காலம் பற்றிப் பேசியதை அவர் உடன்பாடாகவே எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் அமைச்சர்கள் அதனை உரையாடலாக மட்டுமே கருதினர். 1853 ஜனவரியில் பிரிட்டிஷ் தூதர் ஸீமரிடம் உதுமானியப் பேரரசை நோயாளி எனக் குறிப்பிட்டு, அதன் உடைமைகளின் எதிர்காலத்தை மனம் திறந்து பேசினார். அது இலண்டனில் ஐயத்தையே வளர்த்தது. 1849இல் ஹங்கேரியக் கிளர்ச்சியை அடக்கித் தாம் காப்பாற்றிய ஆஸ்திரியா நன்றி மறவாது என நம்பினார்; ஆஸ்திரியாவோ தானூபு முகத்தில் ரஷ்யா இருப்பதைத் தனக்கு ஆபத்தாகக் கண்டது. வாட்டர்லூப் போரின் நினைவு பிரிட்டனையும் பிரான்சையும் சேரவிடாது என எண்ணினார், அவர்கள் சேர்ந்தனர். நாற்பதாண்டுக் காலம் ஐரோப்பாவைப் பெரும்போரின்றிக் கட்டிக்காத்த பேரரசுகளின் கூட்டுறவு இந்தத் தப்புக் கணக்குகளில் முறிந்தது.

மூன்றாவது கணக்கு இஸ்தன்பூலில் போடப்பட்டது. இதனை நாம் மறைத்துவிட்டு நகர்வது நியாயமாகாது. 1853 செப்டம்பரில் மத்ரஸா மாணவர்கள் ஜிஹாத் வசனங்களை எடுத்துக்காட்டிப் போர் வேண்டும் என்று அரசிடம் மனு அளித்தனர், தலைநகர் கொந்தளித்தது. வியன்னாவில் நான்கு பேரரசுகளின் பிரதிநிதிகள் வரைந்த சமரசக் குறிப்பை ரஷ்யா ஏற்றிருந்தது. உதுமானிய அரசு திருத்தங்கள் கோரியது. அத்திருத்தங்களை மறுத்த ரஷ்ய அமைச்சகத்தின் விளக்கம் வெளியானபோது, அக்குறிப்பைப் பாதுகாப்புரிமையாகவே ரஷ்யா படித்தது தெரியவந்ததால், உதுமானியரின் ஐயம் மெய்யானதே என்பது உறுதியாயிற்று. எனினும் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படைகள் அருகே நிற்கும் துணிவில்தான் போர் முடிவு எடுக்கப்பட்டது என்பதும் உண்மை. மாணவரின் ஆர்வம் தூய்மையானதாக இருக்கலாம். போரின் இலக்கை வகுத்தோர் அவர்கள் அல்லர்.

யாருக்கு என்ன கிடைத்தது?

இப்போரில் குறைந்தது 5 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது குண்டன்று, காலராவும் காய்ச்சலும். வெற்றி பெற்றோர் பட்டியலில் உதுமானியப் பேரரசும் இருந்தது. ஐரோப்பிய அரசுகளின் கூட்டுறவில் அதற்கும் இடம் உண்டு எனப் பாரிஸ் உடன்படிக்கை அறிவித்தது. அதன் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமை எவருக்கும் இல்லை எனவும் கூறியது. ஆனால் போரின்போது 1854இல் அவ்வரசு தன் வரலாற்றிலேயே முதன்முறையாக அயல்நாட்டுக் கடன் வாங்கியது. 30 இலட்சம் பவுண்டு கொண்ட அக்கடனுக்கு எகிப்தின் கப்பம் ஈடாக வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேலும் 50 இலட்சம். கடன் கடனை ஈன்றது. 1875இல் அரசு கடன் தவணையைச் செலுத்த இயலாமல் முறிந்தது. 1881இல் அதன் வருவாய்களின் ஒரு பெரும்பகுதி ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகத்துக்குள் சென்றது. ரஷ்யத் தூதர் மிரட்டிப் பெற முடியாத உரிமையை நட்பு நாட்டு வங்கியாளர் கையொப்பத்தால் பெற்றனர்.

கருங்கடல் பற்றிய தடையை ரஷ்யா 1870இல் உதறியது. 1877ஆம் ஆண்டில் உதுமானியருடன் மீண்டும் போரிட்டபோது பிரிட்டனோ பிரான்சோ களத்துக்கு வரவில்லை. காக்கஸஸ் மலைகளில் அதுவரை கால் நூற்றாண்டாகப் போராடி வந்த இமாம் ஷாமிலைப் பாரிஸ் உடன்படிக்கை நினைக்கவுமில்லை. அவர் 1859இல் சரணடைந்தார். எவர் மண்ணில் போர் நடந்ததோ அந்தக் கிரிமியத் தாத்தார் முஸ்லிம்கள், பகைவருக்குத் துணை நின்றோர் என்ற ஐயத்துக்கு ஆளாயினர். போரைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் தாயகம் துறந்து உதுமானிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரின் வழித்தோன்றல்களை 1944இல் ஸ்டாலின் அரசு கூண்டோடு நாடுகடத்தியது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை மீண்டும் தன்னுடன் இணைத்துக்கொண்டபோதும், அங்குள்ள ரஷ்யர்களின் பாதுகாப்பு என்ற சொல்லே முன்வைக்கப்பட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, கிரிமியப் போரின் ஸபப் திருத்தலங்கள். அதன் இல்லத், தன் குடிமக்களையும் நீரிணைகளையும் தானே காக்க இயலாத ஒரு பேரரசின் தளர்ச்சியும், அத்தளர்ச்சியின் பயன் மற்றவருக்குப் போய்விடுமோ என ஐரோப்பிய வல்லரசுகள் ஒவ்வொன்றும் கொண்ட அச்சமுமே. ஆக்கிரமிக்க வந்தவரும் உதவ வந்தவரும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லையே கையாண்டனர். ஒருவர் உடன்படிக்கையைக் கேட்டார். மற்றவர் கடன் பத்திரத்தை நீட்டினார். தன் குடிமக்கள் அனைவருக்கும், அவர்கள் எச்சமயத்தினராயினும், நீதியும் காப்பும் தானே வழங்க வல்ல அரசிடம் இவ்விரு வகையாரும் அச்சொல்லைக் கூறிக்கொண்டு வர முடியாது. போர்களின் வரலாற்றைப் படிக்கும் நம் மாணவர்கள், எச்சமயக் கொடி பறந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எது நீங்கியிருந்தால் போர் நீங்கியிருக்கும் என்றும் கேட்கப் பழகுவார்களாயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.